டம்மி மாத்திரை என் பங்குக்கு வந்தால்?

கேள்வி: டாக்டர், எனக்கு 33 வயது. பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஒன்பது வருஷமாக சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை, இடுப்பில் பாவாடை நாடா அழுத்தும் இடம் என்று இருந்தது, இப்போது முதுகிலும் பரவியிருக்கிறது. ஆயின்மென்ட், லைட் ட்ரீட்மென்ட் எல்லாம் பார்த்தாயிற்று. ஊரிலிருந்து அம்மா அனுப்பும் வெட்பாலைத் தைலமும் தடவுகிறேன். நான் காட்டும் ஆஸ்பத்திரியில், "புது மாத்திரை ஒன்றுக்கு ட்ரையல் நடக்கிறது, நீங்கள் சேரலாம்" என்றார்கள். மொத்தம் ஒரு வருஷம். மருந்து, டெஸ்ட் எல்லாம் இலவசம், போய்வர பஸ், ஆட்டோ பணமும் உண்டு. ஆனால் முதல் 16 வாரம் மருந்தே இல்லாத டம்மி மாத்திரை வந்தாலும் வருமாம். 24 பக்க ஃபார்ம் ஒன்றைக் கொடுத்து, வீட்டில் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். கணவர், "ஓசியில் பெரிய வைத்தியம், சேர்ந்துவிடு" என்கிறார். மாமியார், "உன்னைச் சோதனை எலி ஆக்கிடுவாங்க" என்று அழுகிறார். சேரலாமா? இன்னொன்று, முதுகில் பிளாஸ்திரி ஒட்டிப் பார்க்கும் ஒரு கம்பெனியில் பணம் தருகிறார்கள் என்று என் தம்பி கிளம்பிக்கொண்டிருக்கிறான். அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அடுத்த வருஷம் இரண்டாவது குழந்தைக்குப் பார்க்கலாம் என்று இருக்கிறோம், அதற்குள் உடம்பு சரியானால் நன்றாக இருக்கும்.
ஒரு வாசகி, அல்சூர்

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் முதல் வரியாக இருந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் இரண்டாவது குழந்தை என்பதை ஆஸ்பத்திரியில் சொன்னீர்களா?

புது மாத்திரைக்கான ட்ரையலில் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் சேர்ந்தால், மருந்து சாப்பிடும் காலம் முழுக்கவும், நிறுத்திய பிறகு இன்னும் சில வாரமோ மாதமோ கருத்தடை கட்டாயம். விசிட்டுக்குப் போகும்போதெல்லாம் கர்ப்பமில்லை என்று சிறுநீர் டெஸ்ட் எடுப்பார்கள். வயிற்றில் இருக்கும் சிசுவை அந்த மருந்து என்ன செய்யும் என்பது மிருகங்களில் பார்த்த அளவுக்குத்தான் அவர்களுக்கே தெரியும். நடுவில் கரு தங்கிவிட்டால் மருந்தை உடனே நிறுத்திவிட்டு, பிரசவம்வரை உங்களைத் தொடர்ந்து விசாரிப்பார்கள். உங்கள் 24 பக்கத்தில் இதற்கென்று ஒரு பத்தி கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் படிக்கிறவர் களைத்துப்போகும் பின்பாதியில். இப்போதே எடுத்துத் தேடிப் பாருங்கள்.

அடுத்த வருஷமே குழந்தை என்பதில் நீங்கள் இருவரும் உறுதியாக இருந்தால், இந்த ட்ரையல் உங்களுக்கு வேண்டாம். தயங்காமல் சொல்லிவிடுங்கள், அங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அதோடு இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: ட்ரையலுக்கு வெளியே வழக்கமாக எழுதித் தரும் சொரியாசிஸ் மாத்திரைகளிலும் சில, குழந்தைக்குக் காத்திருக்கிறவர்களுக்கு ஆகாது. மெத்தோட்ரெக்ஸேட் என்றால் சில மாதங்கள் முன்னதாகவே நிறுத்தியிருக்க வேண்டும். அசிட்ரெட்டின் என்றால் நிறுத்திய பிறகு மூன்று வருஷம் கரு தங்கக் கூடாது. மூன்று மாதம் இல்லை, மூன்று வருஷம். ஆகவே எந்த டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் சொல்லவேண்டிய முதல் வாக்கியம் இதுதான். லைட் ட்ரீட்மென்ட்டில் நேரோபேண்ட் யுவிபி என்ற வகைப் புற ஊதா ஒளி கர்ப்பத்திலும் தரக்கூடியது. பல பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் சொரியாசிஸ் தானாகவே தணிவதும் உண்டு, பிரசவத்துக்குப் பிறகுதான் திரும்ப ஏறும்.

சரி, இருவரும் பேசி, "குழந்தையை இரண்டு வருஷம் தள்ளிப்போடலாம்" என்று முடிவெடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்கள் கணவரின் கணக்கை முதலில் சரிசெய்ய வேண்டும்.

ஓசியில் வைத்தியம் என்கிறார். ட்ரையலை வைத்தியம் என்று நினைத்துச் சேர்கிறவர்கள்தான் பின்னால் மனம் நொந்துபோகிறார்கள். என் கிளினிக்கில் உங்களைப் பார்க்கும்போது, ஒரு ஆயின்மென்ட் கேட்கவில்லை என்றால் அடுத்த வாரமே மாற்றுவேன், இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பேன், அளவைக் கூட்டிக் குறைப்பேன். ட்ரையலில் டாக்டருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. யாருக்கு எது, எவ்வளவு, எத்தனை வாரம் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி அச்சடித்தாயிற்று. உங்களுக்கு எந்த மாத்திரை விழும் என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடுகிறது. டாக்டருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அந்த மருந்து வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே நடக்கும் வேலை. உங்கள் உடம்பு தேறினால் நல்லது, ஆனால் அதற்காக அந்த ஏற்பாடு இல்லை.

ஒரு நிஜக் கணக்கு சொல்கிறேன். டியூக்ராவாசிட்டினிப் என்ற சொரியாசிஸ் மாத்திரையை 2022இல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு முன் நடந்த பெரிய ட்ரையல்களில் ஒன்றில் 666 பேர். நான்கு பேரில் இருவருக்குப் புது மாத்திரை, ஒருவருக்கு ஏற்கெனவே கடையில் கிடைக்கும் அப்ரெமிலாஸ்ட், ஒருவருக்கு டம்மி. 16 வாரம் கழித்து, நோயின் தீவிரம் முக்கால் பங்கு குறைந்தவர்கள் புது மாத்திரையில் நூற்றுக்கு 58 பேர், பழைய மாத்திரையில் 35 பேர், டம்மியில் 13 பேர். இதில் இரண்டு செய்தி இருக்கிறது. நல்ல மருந்து என்று பிறகு பெயர் வாங்கியதே நூற்றில் 42 பேருக்கு அந்த அளவு கேட்கவில்லை. அப்புறம், ஒன்றுமில்லாத மாத்திரையைச் சாப்பிட்டும் 13 பேர் தேறியிருக்கிறார்கள். சொரியாசிஸ் தானாக ஏறி இறங்கும் நோய். வெயில் பட்டாலும், ஒழுங்காக எண்ணெய்ப் பசை தடவினாலும் இறங்கும். அதனால்தான் டம்மி இல்லாமல் ட்ரையல் நடத்தினால், மருந்து செய்ததா, மாதம் மாறியது செய்ததா என்று பிரிக்க முடியாது. டம்மி வைப்பது ஏமாற்று வேலை என்று உங்கள் மாமியார் சொன்னால், இந்த 13 பேரைச் சொல்லுங்கள்.

சேரலாமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும், "பாதுகாப்பானதா?" என்றுதான் என்னிடம் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது வேறு: டம்மி உங்கள் பங்குக்கு வந்தால், அந்த 16 வாரத்தை உங்களால் ஓட்ட முடியுமா? முடியும் என்றால் மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். முடியாது என்றால் மேலே பேச ஒன்றுமில்லை.

உண்மையில் அது 16 வாரமும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு காலம் உண்டு, ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கும் மருந்தெல்லாம் உடம்பைவிட்டுப் போவதற்காக. தடவும் ஆயின்மென்ட் என்றால் வழக்கமாக இரண்டு வாரம், மாத்திரையும் லைட்டும் என்றால் நான்கு வாரம், ஊசி மருந்து என்றால் இன்னும் அதிகம். ட்ரையல் முறையாக இருக்கிறதா என்று பார்த்து அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டி ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தபோது தமிழ் ஃபார்ம் ஒன்று வந்தது. அதில் இந்தக் காலத்தை "கழுவி வெளியேற்றும் காலம்" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். கமிட்டியில் சாதாரணப் பொதுஜனமாக உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, "இதைப் படிச்சா, ரெண்டு வாரத்துக்குப் பேதிமாத்திரை கொடுப்பாங்கன்னுதான் நெனைப்பாங்க" என்றார். ஃபார்ம் திரும்பிப் போயிற்று. எங்களில் டாக்டர்கள் அத்தனை பேரும் அந்த வரியைப் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்த இரண்டு வாரம் லேசானதும் இல்லை. ஸ்டீராய்டு ஆயின்மென்ட்டைத் தினம் தடவிக்கொண்டிருந்து சட்டென்று நிறுத்தினால், அடக்கிவைத்த சொரியாசிஸ் முன்னைவிட வேகமாகக் கிளம்பும். கருப்பு நைட்டி போட முடியாத அளவுக்குச் செதில் கொட்டும், ராத்திரி தலையணை உறையை உதறவேண்டியிருக்கும். இதெல்லாம் நீங்கள் பார்த்ததுதான். மருந்து இல்லாமல் அந்த நிலையில் நான்கு மாதத்துக்குமேல் இருக்க நேரலாம் என்பதை மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் சேர்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பெங்களூரில் நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காற்று வறண்டுவிடும், உதடு வெடிக்கும், சொரியாசிஸ்காரர்களின் வரிசை என் வாசலில் நீளும். சென்னைக்குப் போனால் தேறுகிறது, இங்கே வந்தால் ஏறுகிறது என்று சொல்லும் பலரைப் பார்த்திருக்கிறேன். டம்மியோடு குளிர்காலம் முழுக்க ஓட்டுவதும், மார்ச்சில் சேர்ந்து வெயிலோடு ஓட்டுவதும் ஒன்றில்லை. ஆள் சேர்ப்பு சில மாதம் திறந்திருக்கும் என்றால், "மார்ச்சில் வரட்டுமா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. வீட்டில் கல்யாணம், விசேஷம் எதுவும் அந்த 16 வாரத்துக்குள் வருகிறதா என்றும் பாருங்கள். சிரிக்காதீர்கள், நடுவில் விட்டுப்போகிறவர்களில் நான் பார்த்த பாதிப் பேர் கொழுந்தனார் கல்யாணத்துக்காகப் போனவர்கள்தான்.

தாங்கமுடியாமல் போனால் என்ன செய்வார்கள் என்பதையும் ஃபார்மில் தேடுங்கள். நோய் எந்த அளவு ஏறினால் டம்மியை நிறுத்திவிட்டு நிஜ மருந்து தருவார்கள், அதுவரை அரிப்புக்கு என்ன மருந்து அனுமதி, எந்த எண்ணெயைத் தடவிக்கொள்ளலாம் என்பதெல்லாம் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கவில்லை என்றால் எனக்கு அந்த ட்ரையல் பிடிக்காது.

விசிட் அன்று என்ன நடக்கும் என்று சொன்னால் பாதி பயம் போகும். உங்கள் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உங்கள் உடம்புத் தோலில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. டாக்டர் அந்தக் கணக்கில் உங்கள் உடம்பை அளப்பார். முதுகில் மூன்று உள்ளங்கை, இரண்டு காலிலும் சேர்த்து நான்கு என்று. கொஞ்சம் தீவிரமான சொரியாசிஸுக்கான ட்ரையல்களில் பொதுவாகப் பத்து உள்ளங்கைக்குக் குறைந்தால் சேர்க்க மாட்டார்கள். அப்புறம் சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்குவரை மார்க். தலை, கை, உடல், கால் என்று நான்கு பகுதிக்கும் இதைப் போட்டு, நோய் பரவிய அளவையும் சேர்த்துக் கணக்கிட்டால் 72க்கு ஒரு எண் வரும். அதுதான் உங்கள் நோயின் பெயர் அந்த ட்ரையலில். முதல் நாளில் காசநோய்க்கும் மஞ்சள்காமாலைக் கிருமிகளுக்கும் எச்ஐவிக்கும் ரத்தம் எடுப்பார்கள், நெஞ்சு எக்ஸ்ரே எடுப்பார்கள். எதிர்ப்புச் சக்தியைத் தொடும் மருந்து என்பதால் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் காசநோய் எழுந்துவிடக் கூடாது. நம் நாட்டில் இந்த டெஸ்ட் பாசிட்டிவ் வருவது சகஜம், வந்தால் பதறவேண்டாம். அந்த ரிப்போர்ட் உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுப்பார்கள். நீலத் திரைக்கு முன்னால், உள்ளாடையோடு, முன்பக்கம் பின்பக்கம். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாமல், அந்த அறைக்குள் போய் நின்று கண் கலங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பெண் ஊழியர்தான் எடுக்கவேண்டும் என்று கேளுங்கள், முகம் தெரியாமல் எடுக்கச் சொல்லுங்கள், அந்தப் படம் எங்கெல்லாம் போகும் என்று கேளுங்கள். தோலில் நான்கு மில்லிமீட்டர் அளவுக்குச் சின்னத் துண்டு எடுக்கும் பயாப்ஸியும் சில ட்ரையலில் உண்டு. மரக்கவைத்துத்தான் எடுப்பார்கள், தையல் ஒன்றோ இரண்டோ விழும், பொட்டு அளவுக்கு ஒரு வடு நிற்கும். பெரும்பாலும் அதற்குத் தனியாக ஒரு கையெழுத்து கேட்பார்கள், அதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்றதில் சேரமுடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது மாமியார். அவர் அழுவதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். தோல் ஆராய்ச்சியின் வரலாற்றிலேயே அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் கைதிகளின் முதுகிலும் கையிலும் க்ரீம்களையும் ரசாயனங்களையும் தடவிப் பரிசோதித்தார். கைதிகளுக்குச் சில்லறைக் காசு, என்ன தடவுகிறார்கள் என்பது பலருக்குச் சரியாகத் தெரியாது. இன்று நாங்கள் பருவுக்கு எழுதித் தரும் ட்ரெட்டினாயின் க்ரீம் அதே மருத்துவரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நம் ஊரிலும் கூத்து நடந்திருக்கிறது. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு, ட்ரையல்கள் முறைகேடாக நடக்கின்றன என்று 2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதைத் தொடர்ந்து 2013இல் விதிகள் இறுகின. இப்போது நடைமுறையில் இருப்பது 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள்.

அந்த விதிகள் உங்களுக்கு என்ன தருகின்றன? ட்ரையலால் உடம்புக்கு ஏதாவது வந்தால், தேவைப்படும்வரை, அல்லது அதற்குக் காரணம் ட்ரையல் இல்லை என்று நிரூபணமாகும்வரை, இலவச சிகிச்சை. காரணம் ட்ரையல்தான் என்றால் நஷ்டஈடு. மரணத்துக்கான நஷ்டஈட்டைக் கணக்கிட 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் அபாயத்தையும் சேர்க்கும் ஒரு சூத்திரமே விதிகளில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு ஏதாவது நடந்தால், டாக்டர் 24 மணி நேரத்துக்குள் மேலே தெரிவிக்க வேண்டும். ட்ரையலை அனுமதிக்கும் எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர், அதில் பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள், ஒருவர் மருத்துவமே படிக்காத சாதாரண மனிதர். அந்த ஆசிரியையைப் போல. காகிதத்தில் இருப்பதெல்லாம் நடக்கிறதா என்று மாமியார் கேட்பார். எல்லா இடத்திலும் நடப்பதில்லை. அதனால்தான் நீங்கள் கேட்கவேண்டியது சில இருக்கின்றன.

ட்ரையலின் சிடிஆர்ஐ எண்ணைக் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் ட்ரையல்களைப் பதிவுசெய்யும் அரசாங்கப் பட்டியல் அது. 2007இல் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து கட்டாயம். எண்ணைப் போட்டால் யார் நடத்துகிறார்கள், எந்தெந்த ஆஸ்பத்திரி, எத்தனை பேர், எத்திக்ஸ் கமிட்டி அனுமதி கிடைத்ததா என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எண்ணைக் கேட்டதும் இழுத்தடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபார்ம் உங்களுக்கு ஆங்கிலத்தில் கொடுத்திருக்கிறார்கள் என்றால் தமிழ்ப் பிரதி கேளுங்கள். இந்த ஊரில் கன்னடத்தில் தயாராக வைத்திருப்பார்கள், தமிழ் கேட்டால்தான் எடுப்பார்கள். நீங்கள் பேசும் மொழியில் புரியவைப்பது அவர்கள் கடமை. கையெழுத்துப் போட்டபின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கவேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு தடித்தால் கூப்பிட வேண்டிய ஆளின் நம்பர் அதில் இருக்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள், எடுக்கிறார்களா என்று. நான் சொல்கிறேனே என்று செய்யுங்கள்.

ஒரு கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை: ட்ரையல் முடிந்த மறுநாள் என்ன? பல வருஷங்களுக்கு முன் நான் துணை ஆய்வாளராக இருந்த ஒரு ட்ரையலில் பூக்கட்டும் அம்மா ஒருவர் சேர்ந்தார். கையெல்லாம் வெடித்து, பூ வாங்க வருகிறவர்கள் கையைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார்களாம். அவர் பங்குக்கு நிஜ மருந்து விழுந்தது. ஆறே மாதத்தில் கை சுத்தமாயிற்று. என் மேஜையில் முழம் முழமாக மல்லிகை. வருஷம் முடிந்தது, மருந்தும் நின்றது. மூன்று மாதம் கழித்து அதே கையோடு வந்து உட்கார்ந்தார். "குடுத்துட்டுப் புடுங்கிட்டீங்களே" என்றார். ஃபார்மில் அது எழுதியிருந்தது, அவர் கையெழுத்தும் இருந்தது, சொல்லவேண்டியதைச் சொன்னோம் என்று எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு மட்டும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. வேறு சிகிச்சையே இல்லாத நோய், இந்த மருந்துதான் கேட்கிறது என்றால் ட்ரையலுக்குப் பிறகும் இலவசமாகத் தர விதிகளில் வழி உண்டு. சொரியாசிஸுக்கு வேறு மருந்துகள் இருப்பதால் அந்த வழி உங்களுக்குச் சுலபத்தில் திறக்காது. ஆகவே, முடிந்தபின் எல்லாருக்கும் நிஜ மருந்தைத் தொடர்ந்து தரும் கட்டம் ஏதாவது இருக்கிறதா, எத்தனை மாதத்துக்கு என்று இப்போதே கேட்டு, பதிலை ஃபார்மில் காட்டச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் இந்த வேலைக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். உங்களைப் போன்றவர்கள் ட்ரையலில் சேரவேண்டும் என்று விரும்புகிறவன் நான். பாடப்புத்தகத்தில் சொரியாசிஸ் என்றால் வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்புத் திட்டு. நம் தோலில் அது ஊதாவாகவும் பழுப்பாகவும் சாம்பல் பூத்தும் இருக்கும், சிவப்பே தெரியாது. சிவப்புக்கு மார்க் போடச் சொன்னால் அனுபவமில்லாத டாக்டர் நமக்குக் குறைத்துப் போட்டுவிடுவார். நோய் போனபின் கறுப்பாகவோ வெளுப்பாகவோ மாதக்கணக்கில் நிற்கும் தழும்பு நமக்குப் பெரிய விஷயம், வெள்ளைக்காரத் தோலில் அது பெரிதாகத் தெரியாது. நம் தோலில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை நம் தோலில்தான் பார்க்க முடியும். இந்த ஊருக்கே அதில் ஒரு பங்கு உண்டு. 2013இல் இந்தியாவில் அனுமதி கிடைத்த இட்டோலிசுமாப் என்ற சொரியாசிஸ் ஊசியைக் கொண்டுவந்தது பெங்களூரின் பயோகான் மருந்துக் கம்பெனி. மூல மருந்து கியூபாவின் ஹவானாவில் பிறந்தது. அதற்கான பெரிய ட்ரையலில் சேர்ந்தவர்கள் 225 பேர், எல்லாரும் இந்தியர்கள்.

மாத்திரை சாப்பிடாமலும் உதவ வழி இருக்கிறது. வழக்கமான சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே, நோய் எப்படிப் போகிறது என்று மட்டும் பதிவுசெய்யும் ஆய்வுகள் உண்டு. கர்ப்பத்தில் சொரியாசிஸ் என்ன ஆகிறது என்று பின்தொடரும் ஆய்வுகளும் அந்த வகைதான். அடுத்த வருஷம் குழந்தை என்றால், "அப்படி ஏதாவது இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள்" என்று அந்த ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வெட்பாலைத் தைலத்தை மறைக்காதீர்கள். காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவர்கள் சொல்லும் நோய்க்குத் தலைமுறையாகத் தடவிவருவது அது. இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறுமே, அந்த அழகு எனக்கும் பிடிக்கும். ஆனால் ட்ரையலில் சேர்ந்தபின் ரகசியமாகத் தடவினால், உங்கள் தோல் தேறியது எதனால் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும், உங்கள் ஒரு வருஷம் வீண். முன்னாலேயே சொல்லுங்கள், நிறுத்தச் சொல்வார்கள், அம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அதேபோல், நடுவில் வேண்டாம் என்று தோன்றினால் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். அதற்காக உங்கள் வழக்கமான சிகிச்சையை அந்த ஆஸ்பத்திரி மறுக்க முடியாது. சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், போய்ச் சொல்லிவிட்டு நில்லுங்கள், ஏனென்றால் சில மாத்திரைகளை நிறுத்தியபிறகும் ரத்தம் பார்க்கவேண்டியிருக்கும்.

தம்பி விஷயம். நோயே இல்லாத ஆளின் முதுகில் சின்னச் சின்னப் பட்டைகளாக க்ரீமையோ சோப்பையோ ஒட்டி, அரிப்பு வருகிறதா, ஒவ்வாமை வருகிறதா என்று பார்ப்பது. பொதுவாகப் பெரிய ஆபத்து இல்லாத வேலைதான். ஆனால் மூன்று வாரம் மாற்றி மாற்றி ஒட்டுவார்கள், பிறகு இரண்டு வாரம் விட்டு மறுபடி ஒட்டுவார்கள், அத்தனை நாளும் முதுகு நனையக் கூடாது, வியர்க்கக் கூடாது. ஜிம்முக்கும் கிரிக்கெட்டுக்கும் லீவு. ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் அந்தப் பொருளுக்கு ஆயுள் முழுக்க ஒவ்வாமை நிற்கும், பட்டை ஒட்டிய இடம் நம் நிறத்தில் மாதக்கணக்கில் கட்டம் கட்டமாகக் கறுத்து நிற்கும். சட்டை போட்டுக்கொள்கிறவனுக்கு அது பரவாயில்லை. குடும்பத்தில் சொரியாசிஸ் இருக்கிறது என்பதை அங்கே சொல்லச் சொல்லுங்கள். அவனும் எத்திக்ஸ் கமிட்டி அனுமதியையும் காப்பீட்டையும் கேட்கட்டும். ஒரு கம்பெனியில் முடிந்த கையோடு இன்னொன்றில் பெயரை மாற்றிச் சேரும் பையன்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அது மட்டும் கூடாது. மாத்திரை, ஊசி சம்பந்தப்பட்டது என்றால் இரண்டுக்கும் நடுவில் மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும் என்பது வழக்கம். முதுகில் ஒட்டுகிறோம் என்று கூப்பிட்டுவிட்டு, அங்கே போனதும் மாத்திரையை நீட்டினால் அவன் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடட்டும்.

அடுத்த விசிட்டுக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். டம்மி வந்தால் மருமகளை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்ற கேள்வியை அவரே கேட்கட்டும்.